நீதிபதிக்கு நான் எழுதிய கமெண்ட்

அன்று காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, கையில் பாதி கடித்த ரொட்டியோடு, நான் ஒரு மாபெரும் சபதம் செய்தேன்.

"இனிமே கமெண்ட் இல்லாம ஒரு வரிகூட எழுத மாட்டேன்! இது சத்தியம்!"

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் என் தங்கச்சி முடி வெட்டிக்கிட்டு வந்தப்போ ஒரு கமெண்ட் அடிச்சீங்க. அதுக்கே அவ இன்னும் என்கூட சரியாப் பேசல. இப்ப எழுத வேற போறீங்களா?"

"அது அடிக்கிற கமெண்ட். இது எழுதுற கமெண்ட்."

"அடிச்சாலாவது காத்தோட போயிடும். எழுதினா சாட்சியாயிடும். பாத்துக்கங்க."

இந்த ஒரு வாக்கியத்தை நான் அன்றே காதில் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இருக்காது. ஆனால் எனக்கு அப்போது இருந்த வேகத்தில் ரொட்டியே காதுக்குள் போகப் பார்த்தது.

நான் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். என் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்களின் அளவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. என்னைக் கேட்டாள். "பாக்கலாம்" என்றேன். மூன்று வருடம் பார்த்தேன். கடைசியில் அவளே நூலக மாடியில் நடக்கும் ஆரம்ப வகுப்பில் சேர்ந்துவிட்டாள். சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"கமெண்ட் பாடம் உங்க கிளாஸ்ல இன்னும் வரலியா?" என்றேன்.

"அடுத்த வாரம்னு டீச்சர் சொன்னாங்க."

"நான் இப்பவே சொல்லித் தர்றேன். புரோகிராம்ங்கறது கம்ப்யூட்டருக்கு நாம போடுற உத்தரவு. கமெண்ட்ங்கறது அதுக்கு நடுவுல மனுஷங்களுக்காக எழுதி வைக்கிற குறிப்பு. வரிக்கு முன்னாடி ஒரு ஹாஷ் குறி. நெடுக்க ரெண்டு கோடு, குறுக்க ரெண்டு கோடு. அதைப் போட்டுட்டா கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது. அதுக்கு வரிவிலக்கு!"

"படிக்கவே படிக்காதா?"

"கண்டுக்கவே கண்டுக்காது."

"அப்ப கல்யாணத்தன்னிக்கு யாரோ என் வாய்க்கு முன்னாடி ஒரு ஹாஷ் போட்டுட்டுப் போயிருக்காங்க."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அது அடிக்கிற கமெண்ட் ஆகிவிடும்.

இந்தத் திடீர்ச் சபதம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முந்தின நாள் அலுவலகத்தில் நடந்தது அப்படி.

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு எத்தனை நாள் விடுப்பு பாக்கி என்று காட்டும் புரோகிராம் ஒன்று உண்டு. அதைத் துடைத்துச் சுத்தம் செய்யச் சொன்னார் மேனேஜர். நடுவில் ஒரு வரி இருந்தது. நாள் = நாள் + 7. ஏன் ஏழு? எதற்கு ஏழு? ஆறு என்றால் ஆகாதா? ஒரு குறிப்பும் இல்லை. எந்தப் புத்திசாலி எழுதினானோ என்று சிரித்துக்கொண்டே அழித்தேன்.

பன்னிரண்டு மணிக்கு நான்கு மாடி ஆட்களும் லிப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி என் மேஜைக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஏழு நாள் விடுப்பு காணாமல் போயிருந்தது. கேண்டீன் சமையல்காரர் கரண்டியோடு வந்திருந்தார். மறுநாள் ஊருக்குப் புறப்பட வேண்டிய ஒரு பெண் பெட்டியோடு வந்திருந்தாள். மேனேஜர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"இந்த ஏழு எதுக்கு?"

"தெரியல சார்."

"எழுதினது யாரு?"

எந்த வரியை யார் எழுதினார்கள் என்று தானாகப் பதிவாகும் பட்டியலில் தேடிப் பார்த்தேன். தேதியும் பேரும் இருந்தன.

"நான்தான் சார்."

ஏழைத் திரும்பவும் போட்டேன். பக்கத்தில் ஒரு கமெண்டும் எழுதினேன். 'ஏழு ஏன் என்று தெரியாது. தொடாதே.' மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, பதினைந்து வருடத்தில் நான் எழுதிய முதல் கமெண்ட் இதுதான் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். சமையல்காரர் கை தட்டினார்.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்டதும் என் மனைவி குழாயை மூடிவிட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னன்னு எழுதினீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஏழு ஏன் என்று தெரியாது. தொடாதே."

"அய்யோ!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இந்தக் கமெண்ட்ங்கறது நான் குத்தி வைக்கிற சீட்டுதானே?"

முன்னறைக்குப் போய், வெட்டி வைத்திருந்த ஒரு சட்டையைக் கொண்டுவந்தாள். அதில் குண்டூசியால் ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. 'இடது தோள் அரை இஞ்சு இறக்கம். அவருக்கே தெரியாது. சொல்லாதே.'

"துணியைப் பாத்தா அரை இஞ்சு குறைச்சு வெட்டியிருக்குன்னுதான் தெரியும். ஏன் குறைச்சேன்னு சீட்டு சொன்னாத்தான் தெரியும். இல்லேன்னா நாளைக்கு நானே தப்புன்னு நினைச்சு சரி பண்ணிடுவேன்ல? பதினெட்டு வருஷமா குத்திட்டு இருக்கேன்."

"இது வேற, அது வேற," என்றேன். கம்ப்யூட்டர் ஆளுக்கு ஒரு கெத்து வேண்டாமா?

சபதம் செய்தாயிற்று. பழக வேண்டும். எதில் பழகுவது? அலுவலகத்தில் என்னை ஒரு வாரத்துக்கு எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் நான் எழுதிய புரோகிராம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் பெயர் நீதிபதி.

இங்கே நான் உங்களை மட்டும் நம்பி ஓர் உண்மையைச் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுவது யார் என்பதில் தினமும் வாக்குவாதம். நான் கழுவினால் அடி பிடித்தது போகவில்லை என்பாள். "உங்க கைக்கு அழுக்குமேல அவ்வளவு பாசம்" என்பாள். ஆறு மாதத்துக்கு முன் நான் ஒரு சமரசத் திட்டம் கொண்டுவந்தேன். தினமும் காலை ஆறு மணிக்கு நீதிபதி சீட்டுக் குலுக்கும். பாத்திரம், பெருக்குவது, குப்பை, காலண்டர் தாள் கிழிப்பது என்று நான்கு வேலை. யாருக்கு எது என்று இரண்டு பேர் போனுக்கும் தீர்ப்பு வந்துவிடும். மேல்முறையீடு கிடையாது.

"மிஷினுக்கு ஆம்பள பொம்பள தெரியாது. சொந்தம் பந்தம் தெரியாது. அது பொய் சொல்லாது," என்றேன்.

அவள் நம்பினாள்.

மிஷின் பொய் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னது. பாத்திரம் என் பேருக்கு விழுந்தால், அவள் பேருக்கு விழும்வரை திரும்பத் திரும்பக் குலுக்கு என்று உள்ளே மூன்று வரி எழுதியிருந்தேன். காலண்டர் கிழிப்பது எப்போதும் எனக்கு. அதாவது, இந்தக் குடும்பக் கதையில் எனக்குப் பாத்திரமே கிடையாது! ஆறு மாதமாகப் பாத்திரத்தைக் கைகழுவிவிட்டு நான் சுகமாக இருந்தேன்.

"எனக்கு அதிர்ஷ்டமே இல்ல பாருங்க. இன்னிக்கும் எனக்குத்தான்," என்று அவள் போனைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது, "நாளைக்கு மாறும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் காலண்டர் தாளைக் கிழிப்பேன். மிகவும் சிரத்தையாகக் கிழிப்பேன். ஓரம்கூடப் பிசிறாது.

ஒரே ஒரு குறை. இவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்திருக்கிறேன், யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, நீதிபதியைத் திறந்து கமெண்ட் எழுத உட்கார்ந்ததும் எனக்கு உற்சாகம் பீறிட்டது. 'என்ன செய்கிறோம் என்று எழுதாதே, ஏன் செய்கிறோம் என்று எழுது' என்பதுதான் கமெண்டுக்கு முதல் விதி. நான் ஏன், எதற்கு, எப்படி என்று கொட்டித் தீர்த்தேன்.

# பாத்திரம் கணவனுக்கு வந்தால் மறுபடி குலுக்கு. ஏன்: கணவனுக்குப் பிடிக்காது.

# மாதம் ஒருமுறை மட்டும் கணவனுக்கு வரட்டும். ஏன்: சந்தேகம் வராது. அன்று கை வலி என்று சொல்லிவிடலாம்.

# மனைவி கண்டுபிடிக்க மாட்டாள். ஏன்: இதெல்லாம் அவளுக்குப் புரியாது.

எழுதி முடித்தபோது நெஞ்சு லேசாகிவிட்டது. கம்ப்யூட்டர் படிக்காது, வேறு யாரும் பார்க்க மாட்டார்கள். உலகத்திலேயே பத்திரமான இடம் அதுதான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவள் வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். நிஜமாகவே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது.

"கமெண்ட் பாடம் ஆரம்பிச்சாச்சு! அனுபவசாலி ஒருத்தர் கமெண்ட்டோட எழுதின புரோகிராமைக் கொண்டுவரச் சொன்னாங்க. அதைப் படிச்சு, வீட்டுல ஒரு மாத்தம் பண்ணிப் பழகி, கடைசி நாள்ல அந்தப் புரோகிராமை எல்லார் முன்னாடியும் காட்டணும். காட்டினாத்தான் சர்டிபிகேட். நீங்க ஒண்ணு தாங்களேன். நீதிபதியையே குடுங்க!"

நான் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீதிபதியா? அது... சின்ன புரோகிராம்."

"சின்னதுன்னா நல்லதுதானே? எனக்குப் புரியும். கமெண்ட் எல்லாம் எழுதிட்டேன்னு சொன்னீங்களே!"

தராவிட்டால் சந்தேகம் வரும். தந்தால் குட்டு வெளிப்படும். என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. "நாளைக்குத் தர்றேன்" என்றேன்.

நீதிபதியை ஒரு பிரதி எடுத்தேன். அந்தப் பிரதியில் திருட்டு வரிகளைத் தேடித் தேடி அழித்தேன். மறுபடி குலுக்கும் வரி, போச்சு. மாதம் ஒருமுறை வரி, போச்சு. காலண்டர் வரி, போச்சு. நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். பாத்திரம் எனக்கு ஐம்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்தொன்பது. தராசு முள்ளுகூட இவ்வளவு நேராக நிற்காது! எனக்கே என்மேல் மரியாதை வந்தது. பிரதியை அவளுக்கு அனுப்பினேன். அசல் நீதிபதி வழக்கம்போல் ஹாலில் உள்ள கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அன்று மதியம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன்.

"புரியுதா?"

"நல்லாப் புரியுது."

"சந்தேகம் ஏதாவது?"

"ஒரு சந்தேகமும் இல்லீங்க. இருந்த சந்தேகமும் போயிடுச்சு."

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போன் சிணுங்கியது. இன்று பாத்திரம்: கணவன்.

சரி, மாதம் ஒருமுறை வருவதுதான். கை வலி என்றேன். "அப்படியா? வெந்நீர்ல கழுவினா வலிக்கு நல்லது" என்று அடுப்பில் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கழுவினேன்.

அதற்கு மறுநாள். இன்று பாத்திரம்: கணவன்.

மூன்றாம் நாள், நான்காம் நாள், ஐந்தாம் நாள். கணவன், கணவன், கணவன்! காலண்டர் தாளை அவள் கிழித்தாள். எனக்கு அந்த வீட்டில் கிழிக்கக்கூட ஒன்றும் இல்லை.

நீதிபதியைத் திறந்து பார்க்கலாம் என்றால், எந்நேரமும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் அவள். "ஹோம்வொர்க்" என்பாள். சரி, வாய்விட்டுக் கேட்கலாம் என்றால் என்ன கேட்பது? 'நான் திருட்டுத்தனமாக எழுதியது வேலை செய்யவில்லையே' என்றா? திருடு கொடுத்தவன் போலீசுக்குப் போகலாம். திருட்டுச் சாவி தொலைந்தவன் எங்கே போவான்?

ஒன்பதாம் நாள் பொறுக்க முடியவில்லை. கையில் ஸ்பாஞ்சோடு ஹாலுக்கு வந்தேன்.

"இதுல ஏதோ கோளாறு. தொடர்ந்து ஒன்பது நாள் ஒருத்தனுக்கே விழறதுங்கறது ஐந்நூத்திப் பன்னிரண்டுல ஒரு தடவைதான் நடக்கும். கணக்கு!"

"அப்படியா? ஆறு மாசமா எனக்கே விழுந்துச்சே, அதுக்கு என்ன கணக்கு?"

கையிலிருந்த ஸ்பாஞ்சைப் பிழிந்தேன்.

"அப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"அதிர்ஷ்டம்னு சொன்னேன்."

"அதேதான். நாளைக்கு மாறும்."

அடுக்களைக்குத் திரும்பினேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"சொல்ல மறந்துட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு எங்க கடைசி கிளாஸ். அனுபவசாலி யாராவது பத்து நிமிஷம் பேசினா நல்லாருக்கும்னு டீச்சர் கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"நானா? மேடையிலயா?"

"கமெண்ட் எழுதறது எப்படின்னு, புதுசாக் கத்துக்கறவங்களுக்கு. உங்களை விட்டா யாரு?"

நான் குளிர்ந்துபோனேன். பாத்திரம், ஒன்பது நாள், ஐந்நூற்றுப் பன்னிரண்டு எல்லாம் மறந்தே போயிற்று. பதினைந்து வருடத்தில் என்னை யாரும் எதற்கும் பேசக் கூப்பிட்டதில்லை. பேசாமல் இருக்கத்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து வாணலியைத் தேய்த்துக்கொண்டே வாணலியிடம் பேசிப் பழகினேன். அது பளபளவென்று கேட்டுக்கொண்டது.

சனிக்கிழமை வந்தது. இஸ்திரி போட்ட சட்டை. நூலக மாடியில் இருபது நாற்காலி, முன்னால் பெரிய திரை. ஆரம்ப வகுப்பு என்றாலும் எல்லா வயதிலும் ஆள் இருந்தார்கள். முதல் வரிசையில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். டீச்சர் என்னை அறிமுகம் செய்ததும் நான் எழுந்தேன். அடைமழை மாதிரி பொழிந்தேன்.

"நண்பர்களே! கமெண்ட் என்பது என்ன? அது புரோகிராமின் மனசாட்சி! புரோகிராம் என்ன செய்கிறது என்பதைப் புரோகிராமே சொல்லும். ஏன் செய்கிறது என்பதைக் கமெண்ட்தான் சொல்லும். ஓடுகிற வரி வேஷம் போடலாம். ஹாஷ் போட்ட வரி வேஷம் போடாது! ஒரு மனிதன் உண்மையில் என்ன நினைத்தான் என்று தெரிய வேண்டுமா? அவன் கமெண்டைப் படியுங்கள்!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. தபால்காரர் எழுந்தே நின்றுவிட்டார். என் மனைவி எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள். எனக்குக் கண் கலங்கியது.

"இப்ப உங்க முறை," என்று டீச்சர் அவளைப் பார்த்தார்.

அவள் முன்னால் வந்தாள். "சார் எழுதின புரோகிராமைத்தான் நான் எடுத்துக்கிட்டேன். வீட்டு வேலையைச் சீட்டுக் குலுக்கிப் பிரிச்சுக் குடுக்கும். ஏன் எழுதினார்னு ரொம்ப விளக்கமாக் கமெண்ட் போட்டிருக்கார்."

திரையில் நீதிபதி விரிந்தது. நான் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டேன். நூறு தடவை ஓட்டிப் பார்த்த புரோகிராம். ஐம்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்பது. என்னிடமா?

"தபால்காரரே, நீங்க கமெண்ட்டை மட்டும் படிங்க," என்றார் டீச்சர்.

நாற்பது வருடம் வாசல் வாசலாக நின்று பேர் சொல்லிக் கூப்பிட்ட குரல் அது. எட்டு வீதிக்குக் கேட்கும்.

"பாத்திரம் கணவனுக்கு வந்தால் மறுபடி குலுக்கு. ஏன்: கணவனுக்குப் பிடிக்காது!"

நீட்டிய கால் தானாக மடங்கிக்கொண்டது.

வரிகளை அழித்தேன். எல்லா வரியையும் அழித்தேன். வரிகளுக்கு மேலே இருந்த கமெண்டை அழிக்கவில்லை! திரையில் கமெண்ட் எல்லாம் மங்கலான சாம்பல் நிறத்தில்தான் தெரியும். பதினைந்து வருடமாகக் கமெண்டே எழுதாத, படிக்காத கண் அதைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பழகிவிட்டது. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது என்றேனே. கம்ப்யூட்டரோடு சேர்ந்து நானும் கண்டுகொள்ளவில்லை.

"காலண்டர் கிழிப்பது எப்போதும் கணவனுக்கே. ஏன்: ஒரு நொடி வேலை!"

சிரிப்பு ஆரம்பித்தது.

"அன்று கை வலி என்று சொல்லிவிடலாம்!"

ஒரு பெண்மணி நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். நான் இருக்கைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தேன். தேடியது வேறொன்றுமில்லை, தரையில் ஏதாவது ஓட்டை.

"மனைவி கண்டுபிடிக்க மாட்டாள். ஏன்: இதெல்லாம்..." தபால்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதெல்லாம் அவளுக்குப் புரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அசடு வழிகிற வெட்கம் இல்லை. அது பழகியது. இது வேறு.

டீச்சர்தான் பேசினார். "இதுல ஒரு விஷயம் கவனிங்க. புரோகிராம் நேர்மையா ஓடுது. கமெண்ட் திருட்டுத்தனம் சொல்லுது. ரெண்டும் ஒத்துப்போகல. எதை நம்பறது?"

"கமெண்ட்டைத்தாம்மா!" என்றார் தபால்காரர். "சார் இப்பதானே சொன்னாரு. ஹாஷ் போட்ட வரி வேஷம் போடாதுன்னு."

"ரொம்ப சரி. புரோகிராமை மாத்தினா கமெண்ட்டையும் மாத்தணும். மறந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. சார், இதை அடுத்த வகுப்புக்கும் நான் வெச்சுக்கலாமா?"

தலையாட்டினேன். வேறு எதை ஆட்ட முடியும்? என் மனைவிக்கு முதல் சர்டிபிகேட் கிடைத்தது. எனக்கு நினைவுப் பரிசாக ஒரு தட்டு கொடுத்தார்கள். அதையும் நான்தான் கழுவ வேண்டும்.

வீட்டுக்கு நடந்தோம்.

"முதல் நாளே படிச்சுட்டியா?" என்றேன்.

"படிச்சேன். அன்னிக்கு ராத்திரிச் சாப்பாடே எனக்கு இறங்கல." அவள் விரல்களை நீட்டிக் காட்டினாள். "ஆறு மாசமா சோப்புத் தண்ணியில ஊறி ஊறி, ஊசியில நூல் கோக்கறதுக்கு நாலு தடவை ஆகுது. எனக்கு வயசாயிடுச்சோன்னு பயந்துட்டேன். கண் டாக்டர்கிட்டகூடப் போகலாம்னு இருந்தேன்."

இது அந்தப் புரோகிராமில் எந்த வரியிலும் இல்லாத விஷயம்.

"கை வலிக்குச் சிரிச்சேன். காலண்டருக்கும் சிரிச்சேன். நிஜமாவே சிரிச்சேன். அந்த 'அவளுக்குப் புரியாது'க்கு மட்டும் சிரிப்பு வரல."

"தப்புதான். பெரிய தப்பு. மன்னிச்சுடு," என்றேன். மனசாரச் சொன்னேன்.

கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். "பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள்.

அவ்வளவுதான், எனக்கு உயிர் வந்துவிட்டது! உற்சாகம் மறுபடி பொங்கியது.

"வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, அசல் நீதிபதியைத் திருத்தறேன். நேர்மையா, பாதிக்குப் பாதி! சத்தியம்!"

"நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? நான் பத்து நாள் முன்னாடியே திருத்திட்டேன். வீட்டுல ஒரு மாத்தம் பண்ணிப் பழகணும்னு டீச்சர் சொன்னாங்கல்ல?"

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் தடுக்கவில்லை. நீதிபதியைத் திறந்தேன். நான் எழுதிய நாற்பது வரிக்கும் முன்னால் தலைக்கு ஒரு ஹாஷ். நாற்பதும் சாம்பல் நிறம். நாற்பதுக்கும் வரிவிலக்கு! என் ஆறு மாதக் கெட்டிக்காரத்தனம் முழுவதும் வாய் கட்டிப்போட்டதுபோல் கிடந்தது. அடியில் மட்டும் அவள் எழுதிய இரண்டு வரி உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் = கணவன். நாட்கள் = 183 + 7. இந்த வீட்டில் எனக்குக் கடைசியில் பெரிய பாத்திரமாகவே கொடுத்துவிட்டாள்.

முதல் வரிக்குப் பக்கத்தில் அழகாகக் கமெண்ட் போட்டிருந்தாள். 'ஏன்: ஆறு மாதம் என்பது நூற்று எண்பத்து மூன்று நாள். கை வலி நாட்களும் சேர்த்தி.' படித்ததும் புரிந்தது. பதினைந்து வருட அனுபவசாலிகூட இவ்வளவு தெளிவாக எழுத மாட்டான். நியாயம்தான் என்றும் பட்டது. எனக்குப் பட்டு என்ன ஆகப் போகிறது?

"நூத்தி எண்பத்து மூணு சரி. ஒப்புக்கறேன்," என்றேன். "கூட ஒரு ஏழு போட்டிருக்கியே, அது எதுக்கு?"

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து, ஒரே தடவையில் நூலைக் கோத்தாள்.

"அடுத்த வரியில கமெண்ட் இருக்குமே, படிக்கலியா?"

படித்தேன்.

# ஏழு ஏன் என்று தெரியாது. தொடாதே.